பிரேக் பிடிக்குது என்று நம்புமுன்: தேய்ந்த பிரேக்கை வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

மழைக்காலம் தொடங்கக் கொஞ்சம் முன்னால், ஒரு மாலை, நிலாவெளி வீதியால் திருகோணமலை டவுன் பக்கம் வந்துகொண்டிருந்தேன். அறுபதுக்குக் கிட்ட வேகம். நம்ம ஊர் வீதியில் மாடு படுத்திருப்பது புதினமில்லை, அன்றைக்கும் ஓரமாக நாலைந்து படுத்திருந்தன, அதில் ஒரு கன்று மட்டும் திடீரென்று எழும்பி நடுவுக்கு வந்துவிட்டது. பிரேக்கை முழுக்க மிதித்தேன். கார் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு, கரகரவென்ற சத்தத்தோடு, நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. கன்று தன் புத்தியால் தப்பியது, என் பிரேக்குக்கு அதில் பங்கில்லை.

இத்தனைக்கும் ஒரு மாதத்துக்கு முன்புதான் ஒரு கராஜில் சேர்விஸ் செய்திருந்தேன். அங்கே சில்லைக் கழற்றாமல், ரிம் ஓட்டைக்குள்ளால் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு "இன்னும் ஒரு வருசம் ஓடலாம்" என்றார்கள். கன்று வந்த மறுநாள் வேறொரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் வலது முன்சில்லைக் கழற்றி இரண்டு பிரேக் பேட்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். வெளிப்பக்கப் பேட்டில் நாலு மில்லிமீட்டர் இருந்தது. உள்பக்கப் பேட்டில் உரசிப் பிடிக்கிற லைனரே இல்லை, வெறும் இரும்புத் தகடு, சில்லோடு சுழல்கிற டிஸ்க்கில் உரசி உரசிக் கண்ணாடி மாதிரி மினுங்கியது. "தம்பி, இதை வச்சுக்கொண்டா இவ்வளவு நாளும் ஓடினீங்க?" என்றார். ஆமாம், ஓடினேன், ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை.

சந்தேகம் ஏன் வரவில்லை என்பதுதான் இந்த வழிகாட்டிக்கே காரணம். டவுனுக்குள் நாம் முப்பதில், நாற்பதில் ஓடுகிறோம், முன்னால் ஓட்டோ நிற்பதைத் தூரத்திலேயே பார்த்து மெல்ல மெல்ல மிதிக்கிறோம். அதற்குப் பிரேக்கின் மொத்தப் பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. பாதி செத்த பிரேக்கும் அந்த வேலையைச் செய்துவிடும். மீதிப் பலம் இருக்கிறதா இல்லையா என்று தெரிவது கன்று குறுக்கே வரும்போதுதான்.

எத்தனை மீட்டர் கூடும்?

நிற்கும் தூரம் என்பது இரண்டு துண்டு. கண்ணில் பட்டதிலிருந்து கால் பிரேக்கில் அழுந்தும் வரை கார் ஓடும் தூரம் ஒன்று, மிதித்த பிறகு ஓடும் தூரம் இன்னொன்று. முதல் துண்டு ஓட்டுகிறவரின் கணக்கு, பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒன்றரைச் செக்கன் எடுத்தால் 70 கிலோமீட்டர் வேகத்தில் அதிலேயே 29 மீட்டர் போய்விடும்.

இரண்டாவது துண்டில்தான் பிரேக் பேசும். காய்ந்த தார்வீதி, நல்ல டயர், நல்ல பிரேக் என்றால் ஒவ்வொரு செக்கனிலும், செக்கனுக்கு 7 மீட்டர் என்ற அளவில் வேகம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 70இல் இருந்து நிற்க 27 மீட்டர். பிரேக் பழுதாகி அந்த 7 வெறும் 5 ஆகிவிட்டால் 38 மீட்டர். பதினொரு மீட்டர் வித்தியாசம், அதாவது மூன்று வேகன் ஆரை முன்னும் பின்னும் ஒட்டி நிறுத்தின நீளம்.

பதினொரு மீட்டர்தானே என்று தோன்றும். அதை இன்னொரு விதமாகக் கணக்குப் போட்டபோதுதான் எனக்கே வயிற்றைப் பிசைந்தது. நல்ல பிரேக் உள்ள கார் முழுசாக நின்றுவிட்ட அந்த இடத்தை, பழுதான பிரேக் உள்ள கார் இன்னும் 37 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். பெரும்பகுதி வேகம் கடைசி மீட்டர்களில்தான் குறைகிறது, அதனால் தூரத்தில் சின்னதாகத் தெரிகிற குறை, மோதும் வேகத்தில் பெரிதாக வந்து நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நாலு மடங்கு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: 35இல் 7 மீட்டரில் நிற்கிற கார் 70இல் 27 மீட்டர் கேட்கும்.

கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இருட்டின பிறகு போகிறவர்களுக்கு ஒரு விசயம். டிம் லைட்டில் நன்றாகத் தெரிகிற தூரம் 40, 50 மீட்டர்தான். 70இல் நல்ல பிரேக்கோடு மொத்தமாக நிற்க 56 மீட்டர் வேண்டும், பழுதான பிரேக்கோடு 67. அந்தக் காட்டு வீதியில் யானை கறுப்பாக நிற்கும், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது.

தேய்ந்தால் உண்மையில் என்ன நடக்கிறது

இதில் ஒரு தப்பான எண்ணம் பரவலாக உண்டு. பேட் பாதி தேய்ந்தால் பிரேக்கும் பாதியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. நாலு மில்லிமீட்டர் பேட், சூடில்லாத நேரத்தில், ஒரு தடவை மிதித்தால் புதுப் பேட் போலவே பிடிக்கும். அதனால்தான் ஏமாறுகிறோம்.

குறை வரும் வழிகள் வேறு. முதலாவது சூடு. பிரேக் என்பது ஓடுகிற வேகத்தைச் சூடாக மாற்றுகிற சாமான், வேறொன்றுமில்லை. தடித்த பேட் அந்தச் சூட்டை, தன்னைத் தள்ளுகிற பிஸ்டனுக்குப் போகவிடாமல் தடுக்கும் ஒரு மெத்தை மாதிரி. மெத்தை மெலிந்தால் சூடு நேராக பிரேக் ஒயிலுக்குப் போகும். ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். ஒயிலை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம், அதனால் நீங்கள் மிதிக்கிற பலம் எல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே முடிந்துவிடும், பெடல் தரை வரை போகும், கார் ஓடிக்கொண்டே இருக்கும்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு நுவரெலியா போய்வருகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்கவேண்டும். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். றம்பொடைப் பக்கத்தால் கம்பளைக்கு இறங்கி வரும்போது ஏறக்குறைய 1,300, 1,400 மீட்டர் கீழே வருகிறோம். அந்த இறக்கத்தின் மொத்தச் சக்தியையும் கணக்குப் பார்த்தால் 70 கிலோமீட்டர் வேகத்திலிருந்து எழுபது தடவை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். காரின் பாரம் கூடினாலும் குறைந்தாலும் இந்த எழுபது மாறாது. எஞ்சினும் காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், ஆனால் நியூட்ரலில் இறங்குகிறவருக்கு எஞ்சின் ஒன்றும் எடுத்துத் தராது, அத்தனையும் பிரேக் தலையில்தான். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற மச்சான்மார் எனக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள், சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டாவது, பேட் முழுக்கத் தேய்ந்து இரும்பும் இரும்பும் உரசுவது. மூன்றாவது, ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் பிடிக்காமல் விடுவது. என் காருக்கு நடந்தது இவை இரண்டும் சேர்ந்து.

படி 1: காதால் பார்ப்பது

காலையில் காரை எடுத்து முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு ஒரு உரசல் சத்தம் கேட்கும், பிறகு நின்றுவிடும். கடற்கரை ஊரில் இது சாதாரணம். இரவில் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் டிஸ்க்கின் முகத்தில் மெல்லிய துரு பிடிக்கிறது, பேட் அதைத் துடைத்துவிடுகிறது. பயப்படத் தேவையில்லை.

பயப்படவேண்டியவை இவை: மிதிக்கும்போதெல்லாம் கீச்சென்று மெல்லிய விசில் மாதிரிச் சத்தம் என்றால், பல பேட்களில் இதற்கென்றே ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள், பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் பட்டுக் கத்தும். அப்போதே மாற்றினால் செலவு பேட்டோடு முடியும். கரகரவென்று கல் அரைக்கிற மாதிரிக் கேட்டால் அந்தக் கட்டமும் தாண்டி டிஸ்க்கை இரும்பு தின்றுகொண்டிருக்கிறது. ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மதில் ஓரமாக மெல்ல ஓடிப் பாருங்கள், மதிலில் பட்டுச் சத்தம் தெளிவாகத் திரும்பி வரும்.

படி 2: காலால் பார்ப்பது

கார் நிற்கும்போதே செய்யலாம். எஞ்சினை நிறுத்தி பெடலை நாலைந்து தரம் மிதியுங்கள், பெடல் கல் மாதிரி இறுகும். அப்படியே மிதித்துக்கொண்டு எஞ்சினைப் போட்டால் பெடல் கொஞ்சம் தானாக உள்ளே இறங்கவேண்டும். இறங்கினால் பிரேக்குக்கு உதவுகிற வாக்குவம் பூஸ்டர் வேலை செய்கிறது. அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட்டில் அமைப்பு வேறு, இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

அடுத்து, எஞ்சின் ஓட, பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்தால் எங்கோ ஒயில் கசிகிறது, அல்லது பெடல் மிதியை ஒயில் அழுத்தமாக மாற்றுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் பழுதாகிவிட்டது. அந்தக் காரை ஓட்டிக்கொண்டு கராஜுக்குக்கூடப் போகாதீர்கள், பாஸை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பெடல் பஞ்சு மாதிரி இருந்து, இரண்டு தரம் அடித்தால் சரியாகிறது என்றால் லைனுக்குள் காற்று இருக்கிறது, அல்லது பின் ட்ரம்மில் லைனர் தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது.

படி 3: ஆளில்லாத வீதியில் ஒரு தரம்

விடியற்காலையில், பின்னால் எந்த வாகனமும் வராத நேர் வீதியில், 30, 40 வேகத்தில் வந்து நன்றாக அழுத்திப் பிரேக் போடுங்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தால் கார் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் இழுக்கிற பக்கம் நல்லது, மற்றப் பக்கம்தான் பழுது. நான்கூட இதைத் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க்கின் தடிப்பு ஒரே சீராக இல்லை. சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் உள்ள காரில் கடுமையாக மிதிக்கும்போது பெடல் படபடவென்று காலில் அடிக்கும், அது பழுதில்லை, காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும்.

இறங்கி, ஒவ்வொரு ரிம்முக்கும் கிட்ட உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொடக்கூடாது, சுட்டுவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் சாதாரணமாக ஓடிய பிறகு இடது வலது முன்சில்லுகள் இரண்டும் ஒரே மாதிரிச் சூடாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி இருந்தால் அந்தப் பேட் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது.

படி 4: சில்லைக் கழற்றிப் பார்ப்பது

இதுதான் முக்கியமான படி. கொஞ்சம் மெனக்கெட்டால் அரை நாளில் நாலு சில்லையும் பார்த்துவிடலாம்.

மட்டமான, இறுகின நிலத்தில் நிறுத்துங்கள். நம்ம முற்றத்து மணலில் ஜாக்கி புதையும், அடியில் ஒரு தடித்த பலகை வையுங்கள். முன்சில்லைத் தூக்குவதென்றால் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சில்லுகளுக்குக் கல் வைக்கவேண்டும். நட்டுகளை நிலத்தில் இருக்கும்போதே கால் சுற்று இளக்கிவிட்டுத்தான் ஜாக்கியைத் தூக்குவது. தூக்கிய பிறகு ஸ்டாண்ட் வையுங்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் கழற்றிய சில்லையாவது காரின் அடியில் தள்ளிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ உள்ளே விடாதீர்கள், இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

இப்போது டிஸ்க்கும் அதைக் கவ்வி நிற்கிற காலிப்பரும் தெரியும். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேட். ஒவ்வொன்றிலும் பின்னால் இரும்புத் தகடு, முன்னால் லைனர். தகட்டைக் கணக்கில் சேர்க்காமல் லைனரின் தடிப்பை மட்டும் பாருங்கள். புதுப் பேட்டில் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கும். 3க்கு வந்தால் மாற்றவேண்டிய நேரம். 2க்குக் கீழே என்றால் நாளைக்கு என்று தள்ளவேண்டாம்.

உள்பக்கப் பேட்டைப் பார்க்காமல் சில்லைத் திரும்பப் பூட்டாதீர்கள். வெளிப்பேட் கண்ணுக்கு நேரே தெரியும், உள்பேட்டுக்குக் குனிந்து, காலிப்பரின் மேல் ஓட்டையால் டோர்ச் அடிக்கவேண்டும். பெரும்பாலான சின்னக் கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள்பேட்டை நேராகத் தள்ளும், பிறகு காலிப்பர் முழுசாக இரண்டு இரும்புப் பின்னில் (pin) வழுக்கி வந்து வெளிப்பேட்டை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பின் வழுக்காமல் இறுகிவிட்டால் உள்பேட் தனியாகத் தேயும், வெளிப்பேட் சும்மா இருக்கும். என் கையில் வைத்த இரண்டு பேட்டின் கதை இதுதான். உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா என்று கடலுக்குக் கிட்ட இருக்கிற வாகனங்களில் பின்னின் ரப்பர் உறை ஒரு இடத்தில் கிழிந்தால் போதும், உப்பும் மணலும் ஈரமும் உள்ளே போய்த் துரு கட்டிவிடும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கூடக் கவனியுங்கள். அக்வா மாதிரிக் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மின்மோட்டார் செய்துவிடும், அதனால் பேட் நீண்ட காலம் இருக்கும். "எண்பதாயிரம் ஓடியும் பேட் மாத்தேல்ல" என்று பெருமை பேசுவதும் அதனால்தான். ஆனால் வேலை செய்யாத காலிப்பர் கடற்கரையில் இன்னும் வேகமாக இறுகும், டிஸ்க்கின் துருவைத் துடைக்கவும் ஆளில்லை. பேட் தடிப்பாக இருக்கும், காலிப்பர் பின் அசையாது.

டிஸ்க்கை விரல் நகத்தால் வெளியிலிருந்து உள்ளே இழுத்துப் பாருங்கள். நகம் விழுகிற மாதிரிப் பள்ளம், ஓரத்தில் உதடு மாதிரி வரம்பு, நீல நிறத் திட்டு, வெடிப்பு எதுவும் கூடாது. ஆகக் குறைந்த தடிப்பு எத்தனை என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், துருவைத் துடைத்தால் வாசிக்கலாம். அதற்கு மெலிந்த டிஸ்க்கை லேத்தில் கொடுத்துத் தேய்ப்பது காசை வீணாக்குவது.

ஒரு விசயம்: பிரேக் தூசியை வாயாலோ கொம்பிரசராலோ ஊதாதீர்கள். பழைய, பெயர் தெரியாத லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

படி 5: பின் ட்ரம்

அல்டோ, வேகன் ஆர் போன்றவற்றில் பின்னுக்கு ட்ரம்தான். அதைத் திறந்து ஷூ, ஸ்பிரிங் எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டுவது பழக்கமில்லாதவருக்குத் தலையிடி, பாஸிடமே விடலாம். நீங்கள் பார்க்கக்கூடியது இரண்டு. ஹேண்ட் பிரேக் ஏழெட்டுக் கிளிக்குக்கு மேலே போகிறதா, உவர்மலை ஏற்றத்திலோ கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலோ காரைப் பிடித்து வைக்கிறதா என்பது ஒன்று. பின்சில்லின் உள்பக்கச் சுவரில் ஈரக் கசிவு இருக்கிறதா என்பது மற்றது. ஈரம் இருந்தால் சிலிண்டர் கசிந்து லைனரில் ஒயில் பட்டிருக்கும், ஒயில் குடித்த லைனரைக் கழுவிப் பயன் இல்லை.

படி 6: பிரேக் ஒயில்

போத்தலில் மட்டம் குறைந்தால் உடனே ஊற்றிவிடுவதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஒயில் இறங்கும். அதாவது மட்டம் குறைவது பேட் தேய்ந்ததற்கான அறிவிப்பாகவும் இருக்கலாம். முதலில் பேட்டைப் பாருங்கள், கசிவைப் பாருங்கள், பிறகு ஊற்றலாம்.

ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம்ம ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது ஆகக் குறைந்தது 205 பாகை செல்சியசில்தான் கொதிக்கவேண்டும் என்பது தரம், ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140. டொட் 4க்கு 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் முழுசாக மாற்றுவது நல்லது. மூடியில் எழுதியிருப்பதைத்தான் ஊற்றவேண்டும், திறந்து வைத்த பழைய போத்தலை வேண்டாம். டொட் 5 சிலிக்கன் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

படி 7: கராஜில் நின்று பார்ப்பது

பேட் மாற்றினால் ஒரே அச்சின் இரண்டு சில்லுக்கும் சேர்த்துத்தான். "ஒரு பக்கம்தானே போயிருக்கு" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள், கார் ஒரு பக்கம் இழுக்கும். காலிப்பர் பின்களைக் கழற்றித் துடைத்து, சூடு தாங்குகிற சிலிக்கன் கிறீஸ் போடச் சொல்லுங்கள், சில்லு பெயாரிங்குக்குப் பூசுகிற கிறீஸ் ரப்பரை ஊதப் பண்ணும். புதுப் பேட்டின் பெட்டியையும் கழற்றிய பழைய பேட்டையும் கேட்டு வாங்குங்கள். எந்தச் சில்லின் பேட் எப்படித் தேய்ந்தது என்பது ஒரு வைத்தியத் துண்டு மாதிரி, அடுத்த முறை ஒத்துப்பார்க்க உதவும்.

வேலை முடிந்ததும் காரை அசைக்க முதல் பெடலை இறுகும் வரை அடித்தே ஆகவேண்டும். புதுப் பேட் வைக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள், முதல் மிதியில் பெடல் தரைக்குப் போகும், பிரேக்கே இருக்காது. கராஜ் மதிலில் கார் போய் இடிக்கக்கூடிய நிமிடம் இதுதான்.

புதுப் பேட் டிஸ்க்கோடு பழகவேண்டும். காலையில் நிலாவெளி வீதி காலியாக இருக்கும்போது 50க்குக் கொண்டுபோய், மிதமாக அழுத்தி 10 வரை குறைத்து, நிற்காமல் திரும்ப வேகம் எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டு, இப்படி ஒரு பத்துத் தரம். முழுசாக நின்று பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால் சூடான பேட் ஒரே இடத்தில் டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும், பிறகு நடுக்கம் வரும். முதல் இருநூறு கிலோமீட்டர் வரை தேவையில்லாமல் சடன் பிரேக் வேண்டாம்.

இடையில் பிரேக் போய்விட்டால்

பெடலை வேகமாக அடித்துக்கொண்டே இருங்கள், கொஞ்சமாவது அழுத்தம் ஏறும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஓட்டோ கியர் என்றால் எல் (L) அல்லது பி (B) மோட். ஹேண்ட் பிரேக்கை பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சில்லு பூட்டிக் கார் சுழலும். சாவியை எடுக்கவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். மார்கழி வெள்ளத்துக்குள்ளால் ஓடி வெளியே வந்தவுடன் பிரேக் பிடிக்காவிட்டால் அது ஈரம், மெல்ல ஓடிக்கொண்டே இலேசாக மிதித்தால் காய்ந்துவிடும்.

எனக்குக் கடைசியில் பேட் ஒரு செட், வலது டிஸ்க் மெலிந்துவிட்டதால் சோடியாக இரண்டு டிஸ்க், காலிப்பர் பின்னின் ரப்பர், ஒயில் என்று எல்லாம் போட்டார்கள். கூலி கொடுத்துக் கிளம்பும்போது பாஸ் கூப்பிட்டு, "தம்பி, அம்பது, நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு சில்லு நட்டை ஒருக்கா இறுக்கிப் பாருங்க" என்றார். மூன்றாம் நாள் பார்த்தேன், இடது சில்லில் ஒரு நட்டு அரைச் சுற்று வாங்கியது.